விஷத்தைக் கட்டிப்போடும் செடிகள்

தெற்கு அந்தமானின் தென்கோடியில் இருக்கிறது சிடியா டாப்பு. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று சொன்னோமே, அதே ஊர்தான் ஸ்ரீ விஜயபுரம். சிடியா டாப்பில் நின்று தெற்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் ஒரு மலைத்தீவு தெரியும். அது ரட்லண்ட் தீவு.

இந்தப் பக்கத்து மலைகளில் ஒரு வகைப் பாறை உண்டு. கரும்பச்சை நிறம். தொட்டால் வழவழவென்று இருக்கும். பாம்புத் தோல் போல மின்னும். அதனால் இதை 'செர்பன்டைன்' என்கிறார்கள். பாம்பு போன்ற கல் என்று பொருள். ஒரு காலத்தில் இது ஆழ்கடலுக்குக் கீழே கிடந்த பாறை. பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பல தட்டுகளாக இருக்கிறது. அந்தத் தட்டுகள் ஒன்றை ஒன்று நெருக்கியபோது இந்தப் பாறை மேலே தள்ளப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் பூகம்பமும் சுனாமியும் வந்ததும் அதே நெருக்கலால்தான்.

இந்தப் பாறை பொடிந்து மண்ணாகிறது. அந்த மண்ணில் நிக்கல், குரோமியம் என்ற உலோகங்கள் நிறைய உண்டு. நிக்கல் நமக்குப் புதிது அல்ல. முன்பு வந்த பதினொரு மூலை கொண்ட இரண்டு ரூபாய்க் காசு நினைவிருக்கிறதா? அது செம்பும் நிக்கலும் கலந்து செய்தது.

காசில் இருக்கும் நிக்கலால் தொல்லை இல்லை. மண்ணில் நிக்கல் அதிகமானால் பயிருக்கு அது விஷம். வேர் குட்டையாகும். இலை வெளுக்கும். செடி காய்ந்து போகும்.

ஆனால் அந்த மலையில் காடு இருக்கிறது. விஷ மண்ணில் மரம் எப்படி நிற்கிறது?

கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் அந்தமானின் இந்த மண்ணை ஆராய்ந்தார்கள். 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு செடிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒன்றின் பெயர் ரினோரியா பெங்காலென்சிஸ். மற்றொன்று டைக்காபெட்டாலம் ஜெலோனியாய்டிஸ். பெயர்கள் வாயில் நுழையச் சிரமப்படும். முதலாவதை 'நிக்கல் மரம்' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நிக்கல் மரம் நிக்கலைக் கண்டு ஒதுங்குவது இல்லை. வேர் வழியாக உறிஞ்சி எடுக்கிறது. இலையில் சேர்த்து வைக்கிறது. சாதாரணச் செடியின் காய்ந்த இலை 1 கிலோ எடுத்தால் அதில் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு நிக்கல்கூட இராது. நிக்கல் மரம் தென்கிழக்கு ஆசியாவின் பல நாடுகளில் வளர்கிறது. அங்கே சேகரித்து உலர்த்தி வைத்திருந்த அதன் இலைகளை 1977இல் சோதித்தார்கள். சில இலைகளில் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் நிக்கல் இருந்தது. ஆயிரம் மடங்கு!

இன்னும் ஒரு விந்தை. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா என்ற தீவு உள்ளது. அங்கேயும் இதே மாதிரிப் பாறை. அங்கே ஒரு மரத்தின் பட்டையைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். பாலைக் காயவைத்தால் அதன் எடையில் நாலில் ஒரு பங்கு நிக்கல்தான். 1976இல் இதை எழுதி வெளியிட்டபோது உலகமே வியந்தது.

உலோகம் உள்ளே போயும் மரம் சாகவில்லை. காரணம் என்ன? அந்த உலோகம் உள்ளே சும்மா அலையவில்லை. கட்டிப்போடப்பட்டு இருக்கிறது.

கட்டாத உலோகம் என்ன செய்யும்?

செங்கல் செங்கலாக அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல எல்லா உயிர்களின் உடம்பும் 'செல்' என்ற சிறு அறைகளால் ஆனது. செல் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் வேலை நடக்கிறது. வேலை செய்பவை புரதங்கள். புரதம் என்றால் பருப்பு, மீன், முட்டை என்று நினைப்போம். உணவில் உள்ள புரதம் வேறு, செல்லில் உள்ள புரதம் வேறு அல்ல. மீனின் உடம்பில் வேலை செய்த புரதத்தைத்தான் நாம் தின்கிறோம்.

சில உலோகங்கள் உடம்புக்குத் தேவை. இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவை செடிக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். நிக்கல்கூடச் செடிக்குத் துளி வேண்டும். குழம்புக்கு உப்பு போல. உப்பு கூடினால் குழம்பை வாயில் வைக்க முடியுமா? அப்படித்தான் இதுவும்.

வேறு சில உலோகங்களால் எந்தப் பயனும் இல்லை. காரீயம், காட்மியம், பாதரசம் ஆகியவை இந்த ரகம். எடை கூடிய இவற்றைக் கன உலோகங்கள் என்கிறார்கள். நிக்கல், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பார்கள்.

கட்டு இல்லாத காட்மியம் செல்லுக்குள் நுழைந்தது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். பூட்டில் வேறு சாவி போட்டு அது சிக்கிக்கொண்டது போல ஆகும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அந்தப் புரதம் செய்த வேலை நின்றுபோகும். இப்படிப் பல பூட்டுகள் கெட்டால் செல் செத்துவிடும்.

ஆகவே உலோகத்தைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும்.

கொலுசு ஏன் கறுக்கிறது?

வெள்ளிக் கொலுசு நாள் ஆக ஆகக் கறுத்துப் போகும். பார்த்திருப்பீர்கள். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால் வரும் கறுப்பு அது. கந்தகத்துக்கும் பல உலோகங்களுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். சேர்ந்தால் எளிதில் பிரியாது.

செடி இந்த ஒட்டுதலைத்தான் பயன்படுத்துகிறது.

புரதம் என்பது மணிமாலை போன்றது. இருபது வகை மணிகள் உண்டு. அவற்றை மாற்றி மாற்றிக் கோத்தால் விதவிதமான புரதங்கள் வரும். அந்த மணிகளில் ஒன்றின் பெயர் சிஸ்டீன். அதில் கந்தகம் இருக்கிறது. சாதாரணப் புரதத்தில் சிஸ்டீன் மணி அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருக்கும். ஒரு வகைப் புரதத்தில் மட்டும் அது நெருக்கமாகக் கோத்திருக்கும். மாலை சிறியது. செடிகளில் பெரும்பாலும் எழுபது, எண்பது மணிகள்தான். அதில் பத்துக்கு மேல் கந்தக மணிகள். ஓர் உலோகம் அருகில் வந்தால் நாலு பக்கமும் இருந்து கந்தகங்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். மாலை அதைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும்.

இதற்கு 'மெட்டலோதயோனின்' என்று பெயர். உலோகமும் கந்தகமும் உள்ள புரதம் என்று பொருள்.

இதை முதலில் கண்டது செடியில் அல்ல. ஒரு குதிரையின் சிறுநீரகத்தில்! 1957இல் அமெரிக்காவில் மார்கோஷஸ், வாலி என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். பிறகு தேடியபோது மனிதரில் இருந்தது. மீனில் இருந்தது. கோதுமையிலும் இருந்தது. நம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இப்போதும் இது வேலை செய்துகொண்டிருக்கிறது.

செடியிடம் இன்னொரு கயிறும் உண்டு. அதைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்று வருகிறது. சர்ப்பகந்தி கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்புக்கடிக்கும் மனக் கலக்கத்துக்கும் பழைய வைத்தியர்கள் கொடுத்த வேர். இரத்தக் கொதிப்புக்கு மருந்தும் இதிலிருந்து எடுத்தார்கள். ஜெர்மனியில் செங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் சர்ப்பகந்தியின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார்கள். அதில் காட்மியத்தைக் கலந்தார்கள். செல்கள் உடனே ஒரு புதுப்பொருளைச் செய்யத் தொடங்கின. குட்டையான மணிமாலை. அதில் ஒன்று விட்டு ஒன்று கந்தக மணி. அது காட்மியத்தைக் கவ்விக்கொண்டது. 1985இல் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

அதற்கு வைத்த பெயர் 'பைட்டோகெலாட்டின்'. இந்தப் பெயரில் தீவுக்காரர்களுக்குப் பிடித்த ஒரு சங்கதி இருக்கிறது. 'கெலே' என்றால் கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கு. 'பைட்டோன்' என்றால் செடி. செடியின் நண்டுக் கொடுக்கு! அலையாத்திச் சேற்றில் நண்டு பிடித்தவருக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. கொடுக்கில் விரல் அகப்பட்டால் நண்டு விடுமா?

இந்தக் கொடுக்கு எப்போதும் தயாராக இருப்பது இல்லை. உலோகம் உள்ளே வந்ததும்தான் செடி இதைச் செய்யத் தொடங்கும். தூண்டிவிடுவது அந்த உலோகமேதான். திருடன் வாசலில் கால் வைத்ததும் தானே மணி அடிப்பது போல.

கவ்விய பிறகு என்ன ஆகும்? செடியின் செல்லுக்குள் பெரிய பை ஒன்று உண்டு. அதில் நீரும் உப்பும் இருக்கும். செடியின் கிடங்கு அது. கொடுக்கு கவ்விய உலோகத்தை அந்தப் பைக்குள் கொண்டுபோய் அடைத்துவிடும். வெளியே வேலை நடக்கும். உள்ளே விஷம் அடைபட்டுக் கிடக்கும்.

எல்லா உலோகத்துக்கும் ஒரே கயிறு போதாது. காட்மியத்துக்குப் பைட்டோகெலாட்டின். செம்புக்குப் பெரும்பாலும் மெட்டலோதயோனின். நிக்கலுக்குக் கந்தகத்தைவிடப் புளிப்புதான் தோது. எலுமிச்சம்பழத்தில் உள்ள சிட்ரிக் அமிலம் போன்ற பொருள்களைக் கொண்டு நிக்கல் சேர்க்கும் மரங்கள் அதைக் கட்டுகின்றன. இவ்வளவு நிக்கல் அந்த மரத்துக்கு எதற்கு? இலையைத் தின்ன வரும் பூச்சியை விரட்ட என்று பல விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள். மலேசியாவிலும் அல்பேனியாவிலும் இப்படிப்பட்ட செடிகளைப் பயிர் செய்து, வெட்டி எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்காக ரட்லண்ட் காட்டில் யாரும் கத்தியோடு போக வேண்டாம். அது காவல் உள்ள காடு. அங்கே இருப்பதும் கொஞ்சம் மரங்கள்தான்.

சேற்றுக்குள் நடக்கும் காவல்

மலைக்காடு தூரத்தில் இருக்கிறது. அலையாத்திக் காடு பக்கத்திலேயே இருக்கிறது. அந்தமானில் எந்த ஓடைமுகத்துக்குப் போனாலும் அலையாத்தியைப் பார்க்கலாம். முட்டுக்கால் ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேரை நீட்டுவது வெண்கண்டல்.

ஊரில் உள்ள அழுக்கு எல்லாம் மழையோடு ஓடைக்கு வருகிறது. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சாலை, பட்டறை, படகுத்துறை, குப்பைமேடு எல்லாவற்றையும் அது கழுவிக்கொண்டு வரும். படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கப் பூசும் சாயத்தில் செம்பு உண்டு. பழைய பெயிண்டில் காரீயம் உண்டு. வண்டி பேட்டரியில் காரீயம். வலைக்குக் கட்டும் குண்டும் காரீயம். உடைந்த டியூப்லைட்டில் பாதரசம். எல்லாம் போய்ச் சேரும் இடம் அலையாத்திச் சேறு.

அந்தச் சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை நாற்றம் வரும். அது கந்தகத்தின் நாற்றம். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே கந்தகம்தான். சேற்றில் உள்ள கந்தகமும் உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது. காற்று புகாத சேற்றில் அது அப்படியே அடங்கிக் கிடக்கும்.

மீதி வேலையை மரம் செய்கிறது. வேர் வழியாகக் காற்றைச் சேற்றுக்குள் அனுப்புகிறது. அதனால் வேரைச் சுற்றி இரும்புத் துரு படிகிறது. சிவந்த உறை போல இருக்கும். பல உலோகங்கள் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதையும் தாண்டி உள்ளே போவதைப் புரதம் கட்டுகிறது. வெண்கண்டலில் மெட்டலோதயோனின் இருப்பதைச் சீன விஞ்ஞானிகள் 2010இல் விவரமாக எழுதினார்கள். வேரில் நிறைய உலோகம் நின்றுவிடுகிறது. இலைக்குப் போவது குறைவு.

அலையாத்திக்கு மட்டும்தான் இந்தத் திறமையா? இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர்களுக்குச் சீமைக்கருவேலம் தெரியும். எவ்வளவு மோசமான மண்ணிலும் முளைக்கும். சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதிலும் தேடினார்கள். சீமைக்கருவேலத்தில் மூன்று விதமான மெட்டலோதயோனின்கள் கிடைத்தன. உலோகத்தைப் பிடிப்பதில் மூன்றும் ஒன்றுபோல் இல்லை. 2009இல் இதை வெளியிட்டார்கள். ஊரார் திட்டும் மரத்துக்குள்ளும் இப்படி ஒரு கைத்திறன்.

அலையாத்தியை வெட்டிச் சேற்றைத் தோண்டி மேலே போட்டால் என்ன ஆகும்? சேறு காயும். காற்று படும். கந்தகம் அமிலமாக மாறும். அதுவரை கட்டுண்டு கிடந்த உலோகம் அவிழ்ந்துகொள்ளும். அடுத்த மழையில் ஓடைக்குப் போகும். அங்கே சிப்பியும் இறாலும் நண்டும் இருக்கின்றன. அவற்றைப் பிடித்துச் சமைப்பது நாம். 2004 பூகம்பத்தின்போது வடக்கு அந்தமானில் தரை மேலே எழுந்தது. மாயாபந்தர், திக்லிபூர் பக்கத்தில் சில அலையாத்திக் காடுகளுக்குக் கடல்நீர் எட்டாமல் போனது. மரங்கள் நின்ற நிலையில் காய்ந்தன. அது இயற்கை செய்தது. வேலி போட்டு, குளம் வெட்டி மனிதர் செய்வது வேறு.

பாக்குத் தோட்டத்தில் மயில்துத்தம்

அந்தமானில் பாக்கு போட்டவர்களுக்குப் போர்டோ கலவை தெரியும். பிரான்ஸ் நாட்டில் போர்டோ என்ற ஊர் உண்டு. அங்கே திராட்சைக்கு 1885 வாக்கில் கண்டுபிடித்த மருந்து. பாக்கில் காய் அழுகல் நோய் வராமல் இருக்க மழைக்கு முன்பு குலைக்கு அடிக்கிறோம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இது ஒரு சதவீதக் கலவை.

மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. ஒரு கிலோவில் கால் கிலோ செம்பு இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டத்துக்கு ஒரு தடவைக்கு 400 லிட்டர் கலவை தேவை என்றால் 4 கிலோ மயில்துத்தம். அதில் செம்பு 1 கிலோ. ஆண்டுக்கு இரண்டு தடவை அடித்தால் 2 கிலோ. பத்து ஆண்டில் 20 கிலோ. குலையில் பட்டது போக மீதி எல்லாம் மண்ணில். மழை கழுவி இறக்குவதும் மண்ணில். செம்பு மக்கிப்போகாது. மேல்மண்ணிலேயே தங்கும். போர்டோ ஊரைச் சுற்றி உள்ள பழைய திராட்சைத் தோட்டங்களில் இப்படித்தான் செம்பு ஏறிவிட்டது.

மண்ணில் செம்பு ஏறினால் பாக்கு மரம் உடனே காட்டிக்கொடுக்காது. செடிகள் செம்பைக் கட்டிச் சமாளிக்கும். மண்புழு குறையும். ஊடுபயிராக வைத்த இளஞ்செடிகளின் வேர் வளராது. இலை மஞ்சளாகும். இவை அடையாளங்கள். அந்தமான் மண் பெரும்பாலும் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் செம்பு இன்னும் சுலபமாக அவிழும்.

மருந்தே அடிக்கக் கூடாது என்று சொல்ல முடியாது. அடிக்காவிட்டால் குலை உதிர்ந்து வருமானம் போகும். அளவோடு அடிக்கலாம். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. துரு இல்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் கட்டாத செம்பு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேருங்கள். கத்தி வெள்ளையாக வரும்வரை சேருங்கள். செடிக்குள் புரதம் செய்யும் வேலையைத் தொட்டிக்குள் சுண்ணாம்பு செய்கிறது.

பச்சையாக இருப்பதால் நல்லதா?

இதுவரை செடியின் சாமர்த்தியத்தைப் பார்த்தோம். அதே சாமர்த்தியம் மனிதருக்கு ஆபத்தாவதும் உண்டு. செடி உலோகத்தைக் கட்டுகிறது. அழிப்பது இல்லை. உலோகத்தை யாராலும் அழிக்க முடியாது. சமைத்தால் போகாது. வேகவைத்தால் போகாது. எரித்தால் சாம்பலிலும் புகையிலும் இருக்கும். செடிக்குள் அடைபட்ட விஷம் செடியைத் தின்றவர் வயிற்றுக்குப் போகும். வயிற்றில் கட்டு அவிழும்.

ஜப்பானில் டோயாமா என்ற மாகாணம். ஜின்சூ என்ற ஆறு. ஆற்றின் மேற்பகுதியில் சுரங்கம் இருந்தது. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. அதில் காட்மியம் இருந்தது. அந்த ஆற்று நீரில் நெல் பயிரிட்டார்கள். நெல் விளைந்தது. ஜனங்கள் பல ஆண்டுகள் அந்தச் சோற்றை உண்டார்கள். பெண்களுக்கு எலும்பு வலி வந்தது. பிள்ளை பல பெற்ற, வயதான பெண்களுக்கு மிக அதிகம். எலும்பு மெலிந்தது. இருமினால்கூட எலும்பு முறிந்தது. அவர்கள் 'இத்தாய், இத்தாய்' என்று அலறினார்கள். 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம். நோய்க்கு அதுவே பெயராகிவிட்டது. காரணம் காட்மியம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல்தான்.

நெல் சாகாமல் நின்றது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நம் உடம்பிலும் மெட்டலோதயோனின் இருக்கிறதே, அது காப்பாற்றாதா? ஓரளவு காப்பாற்றும். காட்மியத்தைச் சிறுநீரகத்தில் கட்டி வைக்கும். ஆனால் அங்கே பத்து, இருபது ஆண்டுகள் அது கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் ஒருநாள் சிறுநீரகமே கெடும். இரத்தசோகை உள்ள பெண்களின் குடல் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்பு கிடைக்காத குடல் இரும்பு என்று நினைத்து இதை எடுத்துக்கொள்கிறது. காரீயம் சிறு பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இப்போது வீட்டுப்பக்கம் வருவோம். பழைய பேட்டரி உடைத்த இடம், படகுச் சாயம் சுரண்டிய இடம், வலைக்குண்டு வார்க்கக் காரீயம் உருக்கிய இடம், குப்பை எரித்த இடம். இந்த இடங்களில் சாம்பலும் சத்தும் இருப்பதால் கீரை தளதளவென்று வளரும். கண்ணுக்கு நன்றாக இருக்கும். அங்கே கீரை போடாதீர்கள். சாக்கடை ஓரத்தில் தானே படர்ந்திருக்கும் வள்ளைக்கீரையையும் பறிக்காதீர்கள். வங்காளத்து மக்கள் 'கல்மி சாக்' என்பார்களே, அதுதான். நல்ல தண்ணீரில் வளர்ந்தால் அருமையான கீரை. சாக்கடையில் வளர்ந்தால் சாக்கடையில் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொள்ளும்.

கீரையை நாலு தடவை கழுவினால் மேலே உள்ள தூசி போகும். காரீயத்தில் பெரும்பகுதி தூசியாகத்தான் ஒட்டியிருக்கும். ஆகவே கழுவுவது அவசியம். முள்ளங்கி போன்ற கிழங்குகளைத் தோல் சீவுவதும் நல்லது. ஆனால் உள்ளே புரதம் கட்டி வைத்தது கழுவினால் வராது.

எல்லாப் பாகமும் ஒரே அளவு சேர்ப்பது இல்லை. இலையிலும் கிழங்கிலும் அதிகம். காயிலும் பழத்திலும் பொதுவாகக் குறைவு. சந்தேகமான மண் என்றால் கீரை, முள்ளங்கி வேண்டாம். வெண்டை, புடலை, முருங்கைக்காய் பரவாயில்லை. அதைவிட நல்லது, பழைய டப்பாவிலோ சாக்கிலோ தொலைவிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை நிரப்பிக் கீரை போடுவது. டப்பா பெயிண்ட் டப்பாவாக இருக்கக் கூடாது. பேட்டரிப் பெட்டியாகவும் இருக்கக் கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தின் அளவைக் குறைக்கும் சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாக்கள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன.

புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள். மக்கிய எருவும் போடுங்கள். இரண்டும் உலோகத்தை மண்ணிலேயே பிடித்து நிறுத்தும். வேருக்குப் போவது குறையும். எவ்வளவு சுண்ணாம்பு என்று தெரிய மண்ணைச் சோதிக்க வேண்டும். வேளாண் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கெட்ட இடத்தைச் சும்மா விட வேண்டியது இல்லை. பூச்செடி வைக்கலாம். நிழல் மரம் வைக்கலாம். மரம் இருந்தால் தூசி பறக்காது, மண் ஓடைக்குக் கரைந்து போகாது. அங்கே வளர்ந்த புல்லை மட்டும் அறுத்து ஆட்டுக்குப் போடாதீர்கள். சருகைக் கூட்டி எருக்குழியில் தள்ளாதீர்கள். அந்த மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.